மைக்கா கதவில் அடித்த பெயிண்ட் ஏன் உரிந்தது? ஒரு சமையலறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்பகுதியில் மூன்றாவது மாடியில் உள்ள ஒரு வீடு. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன். சமையலறை அலமாரிகள் 2012-இல் தச்சர் வீட்டுக்கே வந்து செய்து கொடுத்தவை. 18 மி.மீ. பிளைவுட், வெளிப்பக்கம் 1 மி.மீ. பளபளப்பு மெரூன் மைக்கா (லேமினேட் தகடு), உட்பக்கம் வெள்ளை மைக்கா, ஓரங்களில் பி.வி.சி. பட்டை. கீழ் வரிசையில் 450-க்கு 700 மி.மீ. அளவில் 8 கதவுகள், மேல் வரிசையில் 450-க்கு 600 அளவில் 6 கதவுகள், 450-க்கு 200 அளவில் 5 இழுப்பறைகள். வெளிமுகம் மட்டும் ஏறத்தாழ 50 சதுர அடி. ஓரங்களையும் சேர்த்தால் 57.

அலமாரியின் பெட்டிகள் உறுதியாகவே இருந்தன. குறை நிறத்தில்தான். ஒரே ஒரு சன்னல் உள்ள சமையலறையில் அடர் மெரூன் பகலிலேயே விளக்குப் போட வைத்தது. கதவுகளை மட்டும் மாற்ற விசாரித்தபோது சொன்ன விலை கையைக் கடித்தது. பெயிண்ட் அடிப்பதென்று முடிவானது.

முதல் முறை: நவம்பர் 2023

வீட்டுச் சுவர்களுக்கு வழக்கமாக வரும் பெயிண்டரிடமே வேலையைக் கொடுத்தார்கள். மைக்கா மேல் பிடிக்குமா என்று வீட்டம்மா கேட்டதற்கு, "ப்ரைமர் அடிச்சிட்டா எது மேலயும் பிடிச்சுக்கும்மா" என்றார். சுவரிலும் மரத்திலும் அவர் பல ஆண்டுகளாகக் கண்டது அதுதான்.

கதவுகளைக் கழற்றவில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தார். உப்புத்தாளைப் பெயருக்கு ஓட்டினார், பளபளப்பு போகவில்லை. மரத்துக்கு அடிக்கும் வெள்ளை எண்ணெய் ப்ரைமர் ஒரு கோட், அதன்மேல் வெள்ளை எண்ணெய் எனாமல் இரண்டு கோட். மீந்த பெயிண்டை அதே வாரம் சமையலறை வாசலின் தேக்கு நிலைக்கும் அடித்தார். இந்த நிலை பின்னால் முக்கியமான சாட்சி ஆகிறது.

வேலை முடிந்த சில நாட்களில், டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். கன மழை, மின்வெட்டு, அடைத்த சன்னல்கள். எனாமல் ஒரு வாரத்துக்கு மேல் விரலில் லேசாக ஒட்டிக்கொண்டே இருந்தது. பொங்கல் நெருங்கும்போது கைப்பிடியைச் சுற்றி முதல் விரிசல். பிப்ரவரிக்குள் அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளில் பெயிண்ட் வாழைப்பட்டை போல நீள நீளமாக உரிந்து வந்தது.

உரிந்ததை ஆராய்ந்தபோது

மழைதான் காரணம் என்று வீட்டிலும் சொன்னார்கள், பெயிண்டரும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே டப்பா, அதே ப்ரைமர், அதே வாரம், அதே மழை எல்லாம் தேக்கு நிலைக்கும் பொருந்தும். நிலையில் ஒரு இடத்திலும் உரியவில்லை. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஆகவே ஈரம் எனாமல் இறுகுவதைத் தாமதப்படுத்தியிருக்கலாம், உரிந்ததற்கு அது வேர்க்காரணம் ஆகாது.

உரிந்த பட்டையைத் திருப்பிப் பார்த்ததில் விடை கிடைத்தது. அதன் அடிப்பக்கம் வெள்ளையாக, கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது. எனாமலும் ப்ரைமரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை, சேர்ந்தே கழன்றிருந்தன. பெயிண்ட் நல்லது, ப்ரைமரும் நல்லது, ப்ரைமருக்கும் மைக்காவுக்கும் இடையில் பிடிப்பே உண்டாகவில்லை என்று அர்த்தம். மரத்தில் ப்ரைமர் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகும். மைக்காவின் மேல்தோல் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய மெலமைன் பிசின். அதில் இறங்கத் துளையே கிடையாது. கீறி ஏற்படுத்தும் சொரசொரப்பும், வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே தயாரான ப்ரைமரும் மட்டுமே அங்கே கைகொடுக்கும்.

அடுப்புப் பக்கத்துப் பட்டைகளில் இன்னொன்றும் தெரிந்தது. அடிப்பக்கம் வெள்ளையாக இல்லாமல் மங்கலான மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தது. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் ஆவி பத்துப் பன்னிரண்டு ஆண்டு படிந்து, காற்றும் சூடும் பட்டு இறுகிய படலம் அது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் இப்படி இறுகும் இயல்புள்ளவை. டர்பன்டைன் துணி அதை எடுக்கவில்லை, கதவு முழுக்கப் பரப்பிவிட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழிருந்த இரண்டு கதவுகளின் நிலை வேறு. கீழ் ஓரம் ஊதி, பிளைவுட் அடுக்குகள் பிரிந்திருந்தன. அங்கே பெயிண்டுக்குச் செய்ய எதுவுமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உரிந்த இடங்களுக்கு மட்டும் ஒட்டுப்போடுவதில்லை என்பது. மீதிப் பெயிண்ட் விழாமல் நிற்கிறதே தவிரப் பிடித்து நிற்கவில்லை. அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் எல்லாம் சேர்ந்து ஒருநாள் வரும். எனவே முழுக்க எடுப்பது.

இரண்டாவது, ஊதிய இரண்டு கதவுகளையும் தச்சரிடம் புதிதாகச் செய்வது. பழையவை சாதாரண கமர்ஷியல் பிளைவுட். புதியவற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் கேட்டு வாங்கினார்கள். கொதிநீரிலும் பசை விடாத மரைன் தரத்துக்கான இந்தியத் தர எண் அது. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகப் பலகைக்கு உரியது. தொட்டியின் கீழ் அந்த வேறுபாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. முகப்புக்குப் பளபளப்பில்லாத மேட் மைக்கா ஒட்டச் சொன்னார்கள், பெயிண்டுக்கு முன் தேய்க்கும் வேலை குறையும் என்பதால்.

மேல் பெயிண்டாக எண்ணெய் எனாமலை விட்டு, தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் எனாமல், மிதமாகப் பளபளக்கும் செமி கிளாஸ் பூச்சில். எண்ணெய் எனாமலில் வெள்ளையும் வெளிர் நிறங்களும் வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளிக்கும், இந்தச் சமையலறையில் அது நிச்சயம். மேட் பூச்சு பார்க்க அழகு, ஆனால் மஞ்சள்தூள் கறையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவுக் கடைகளில் அடிக்கும் இரண்டு பாக பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் இவற்றில் உறுதியானது. ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதிக்கக்கூடியது. முறையான சுவாசக் கவசமும் ஸ்ப்ரே அறையும் இல்லாமல் குடியிருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ப்ரைமரை மட்டும் யார் சொல்லையும் நம்பி முடிவு செய்யவில்லை. சோதித்துப் பார்ப்பதென்று வைத்தார்கள்.

சோதனைப் பலகை

தூக்கி எறிய வேண்டிய தொட்டிக் கதவு ஒன்றின் மேற்பகுதி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, மாஸ்கிங் டேப்பால் நான்கு கட்டமாகப் பிரித்தார்கள்.

முதல் கட்டத்தில் மைக்காவைத் தேய்க்காமல் பழைய வெள்ளை ப்ரைமர். இரண்டாவதில் 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து அதே ப்ரைமர். மூன்றாவதில் தேய்த்த பரப்பில், மைக்காவுக்கும் டைலுக்கும் பொருந்தும் என்று டப்பாவில் குறிப்பிட்ட தண்ணீர் சார்ந்த ப்ரைமர். நான்காவதில் தேய்த்த பரப்பில் இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி ப்ரைமர். நான்கின் மேலும் ஒரே எனாமல் இரண்டு கோட். ஏழு நாள் காய விட்டார்கள். இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டால் சோதனைக்கே பொருளில்லை. மறுநாளே பார்த்தால் எல்லாமே பிடித்திருப்பதாகத்தான் தோன்றும்.

பிறகு புது கட்டர் பிளேடால் மைக்கா வரை இறங்கும்படி 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அவற்றுக்குக் குறுக்காக ஆறு கோடு. 25 சிறு சதுரங்கள் கிடைக்கும். அதன்மேல் பலமான டேப்பை நகத்தால் அழுத்தி ஒட்டி, சில நொடிகளில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரமுறையின் வீட்டு வடிவம் இது.

முதல் கட்டத்தில் 25 சதுரமும் டேப்போடு வந்துவிட்டன. இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவதில் கோடுகள் வெட்டும் முனைகளில் மட்டும் பொடிப்பொடியாக. நான்காவதில் ஒன்றும் வரவில்லை. அடுத்து நான்கின் மீதும் ஈரத்துணியை ஒரு நாள் முழுக்கப் போட்டுவைத்து, துடைத்துக் காய்ந்ததும் வேறு இடத்தில் கோடு போட்டு இழுத்தார்கள். மூன்றாவது இப்போது சில சதுரங்களை இழந்தது. நான்காவது அசையவில்லை.

இரண்டாவது கட்டம் சொல்லும் செய்தியைக் கவனிக்க வேண்டும். தேய்த்தாலே போதும் என்ற பொதுவான அறிவுரை பாதி உண்மைதான். தேய்ப்பது கணிசமாக உதவியது, ஆனால் தினமும் கை படும் கதவுக்கு அந்தப் பிடிப்பு போதாது.

கதவுகளுக்கு எபாக்ஸி என்று முடிவானது. அலமாரிப் பெட்டியின் முன்விளிம்புகளுக்கு மட்டும் மூன்றாவது ப்ரைமரே. அவற்றைக் கழற்ற முடியாது, சமையலறைக்குள்ளேயே அடிக்க வேண்டும். எபாக்ஸி தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும், பக்கத்தில் கேஸ் அடுப்பு. பிடிப்பு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, பாதுகாப்பு முக்கியம் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

கழற்றுதலும் சுத்தம் செய்தலும்: மார்ச் 2024

மேல் வரிசையை முதலில் முடித்து மாட்டிவிட்டு, பிறகு கீழ் வரிசை. சமையல் ஒருநாளும் நிற்கவில்லை. திறந்து கிடந்த அலமாரிகளைப் பழைய நூல் புடவைகளால் மறைத்தார்கள்.

கதவுக்கு எண் போடும் இடம் முக்கியம். முதுகில் ஒட்டிய டேப் சுத்தம் செய்யும்போது கழன்றுவிடும். கீல் உட்காரும் 35 மி.மீ. வட்டக் குழிக்குள் பென்சிலால் எண் எழுதினார்கள். அங்கே தண்ணீரும் படாது, உப்புத்தாளும் போகாது, பெயிண்டும் தேவையில்லை. திருகுகளும் கீல்களும் கதவு வாரியாகத் தனித்தனி உறையில். கைப்பிடி மாற்றும்போது பழையதைப் போலவே 96 மி.மீ. துளை இடைவெளியில் தேடி வாங்கினார்கள். 128-க்குப் போயிருந்தால் பழைய துளைகளை எல்லாம் அடைத்துப் புதிதாகப் போட வேண்டியிருந்திருக்கும்.

பழைய பெயிண்ட் பிளாஸ்டிக் சுரண்டியால், முடி உலர்த்தியின் சூட்டோடு, பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்தது. முதல் தடவையின் குறையே இங்கே உதவியானது. ஓரப் பட்டையில் ஒட்டிக்கொண்ட துணுக்குகளுக்கு மட்டும் உப்புத்தாள்.

பிறகு பிசுக்கு. வரிசை மாறக்கூடாது: முதலில் கழுவுதல், அப்புறம்தான் தேய்த்தல். பிசுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் அதைக் கீறல்களுக்குள் அழுத்தி அடைத்துவிடும், பிறகு எதனாலும் வெளியே வராது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் சலவைச் சோடா, சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். கையுறையோடு, ஸ்பாஞ்சைப் பிழிந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். ஓரங்களில் தண்ணீர் நிற்க விடக்கூடாது. அடுப்புப் பக்கத்துக் கதவுகளுக்கு இது மூன்று சுற்று ஆனது. சோடா நீர் பட்டதும் பழைய மஞ்சள் கறைகள் குங்கும நிறத்துக்கு மாறின. மஞ்சளில் காரம் சேர்ந்தால் சிவக்கும், குங்குமம் செய்வதும் அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு தெரிகிற வரைக்கும் கறையும் சோடாவும் அங்கே இருக்கின்றன. இரண்டு முறை வெறும் தண்ணீரால் துடைத்த பிறகே அடுத்த வேலை. சோடா வெள்ளையாகப் படிந்து நின்றால் அதுவும் ப்ரைமரைப் பிடிக்க விடாது.

தேய்ப்பது 180-இல் தொடங்கி 220-இல் முடிந்தது, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால். ஒரு கதவுக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம். கைப்பேசி டார்ச்சைக் கதவின் மேல் சாய்த்துப் பிடித்தால் தேய்க்காத இடம் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். அந்தப் பளபளப்பு போவதுதான் அளவு. நிறத்துக்கு அடியில் பழுப்புக் காகிதம் தலைகாட்டினால் அளவுக்கு மீறிவிட்டது. மெலமைன் தூசு நுண்ணியது, முகக்கவசம் கட்டாயம்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்ப்ரே பாட்டிலால் கதவின் மீது மெல்லிய தண்ணீர்த் தூறல். சுத்தமான இடத்தில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்கும். பிசுக்கு மீந்த இடத்தில் சேம்பிலை மேல் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரளும். சிம்னிக்குப் பக்கத்து மேல்கதவு ஒன்றின் மூலையில், கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத ஒரு கையகலப் பகுதி இப்படித்தான் பிடிபட்டது. மறுபடி சோடா, மறுபடி 220. எல்லாம் முடிந்து உலர்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு, துணி வெள்ளையாகவே வரும் வரை.

மைக்கா பெயர்ந்த மூலைகளை வண்டிக்குப் பூசும் இரண்டு பாக பாடி பட்டியால் நிரப்பினார்கள். சுவர்ப் பட்டி இங்கே உதவாது. அது வழவழப்பான பரப்பில் பிடிக்காது, இடி பட்டால் பொடியாகும். சூட்டில் கழன்ற ஓரப் பட்டைகளை காண்டாக்ட் பசையால் ஒட்டினார்கள்: இருபக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் அழுத்தம்.

அடித்தல்

எபாக்ஸி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காலை ஒன்பது மணிக்குள். டப்பாவில் குறித்த விகிதம் கண்ணளவில் வராது. இரண்டு பாகத்துக்கும் தனித்தனி 20 மி.லி. ஊசிக்குழல் வைத்து, ஒரு தடவைக்கு ஐந்தாறு கதவுக்கு வேண்டியதை மட்டும் கலந்தார்கள். வெயில் காலத்தில் கலவை டப்பாவிலேயே சீக்கிரம் இறுகத் தொடங்கும். ஹார்ட்னர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம் என்பதால் நைட்ரில் கையுறை. தின்னர் ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி, சாதாரண துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. 500 மி.லி. ப்ரைமர் ஒரு கோட்டுக்கு எல்லாக் கதவுகளுக்கும் போதுமானதாக இருந்தது.

கதவுகளைப் படுக்கவைத்தே அடித்தார்கள். நிற்க வைத்தால் எவ்வளவு கவனித்தாலும் வழிசல் விழும். பலகைத் துண்டில் நான்கு ஆணியை அடித்து, முனை மேல்நோக்கும்படி வைத்து அதன்மேல் கதவு. ஓரங்களை முதலில் ஒன்றரை அங்குல பிரஷ்ஷால், முகப்பை நான்கு அங்குல நெருக்கமான ஸ்பாஞ்ச் ரோலரால். ப்ரைமர் இரவு முழுக்கக் காய்ந்ததும் 320-ஆல் மெல்லத் தேய்த்து எனாமல் முதல் கோட். ஆறு மணி நேரம் கழித்து 400-ஆல் ஒரு தடவல், இரண்டாம் கோட். ஒரு லிட்டர் எனாமலில் இரண்டு கோட்டும் முடிந்து கொஞ்சம் மீந்தது. அதைச் சிறு கண்ணாடிப் புட்டியில், விளிம்பு வரை நிரப்பி, பின்னால் ஒட்டுப்போட வைத்துக்கொண்டார்கள்.

எனாமல் அடித்தது ஹாலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு. சென்னை மார்ச் சூட்டில் பெயிண்ட் ரோலருக்குப் பின்னாலேயே காயத் தொடங்கும். காய்கிற இடத்தில் மறுபடி ரோலர் ஓடினால் தோல் சுருங்கியதுபோல் தடம் விழும். ஐந்து சதவீதம் தண்ணீர் சேர்த்து, ஒரு கதவை நிற்காமல் மூன்று நிமிடத்தில் முடித்துத் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவதுதான் வழி. மாலையில் விளக்கைப் போட்டதும் பூச்சி வந்து விழுந்ததால் சூரியன் சாய்ந்த பிறகு அடிப்பதை நிறுத்தினார்கள்.

கீழ் வரிசையில் ஒரு தடங்கல். மகனுக்குத் தேர்வு வந்ததால் எபாக்ஸி அடித்த கதவுகள் பத்து நாளுக்கு மேல் அப்படியே நின்றன. முழுக்க இறுகிய எபாக்ஸி மேல் அடுத்த கோட் சரியாகப் பிடிக்காது. எல்லாவற்றையும் 320-ஆல் நன்றாகப் பளபளப்பு போகத் தேய்த்த பிறகே எனாமல் தொடங்கியது. அந்த வேலையைத் தவிர்த்திருந்தால், இந்தத் தடவை உரிவது மைக்காவிலிருந்து அல்ல, ப்ரைமரிலிருந்து என்ற வித்தியாசம் மட்டுமே இருந்திருக்கும்.

பின்விளைவு

காய்ந்த மேல்கதவுகளை இடமில்லாமல் செய்தித்தாளை இடையில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது பிசகியது. மூன்றாம் நாள் எடுத்தபோது ஒரு கதவின் முகப்பில் எழுத்துகள் தலைகீழாக, படிக்கும்படி பதிந்திருந்தன. ஒரு ஓரத்தில் தாளே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் சார்ந்த எனாமல் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுகி முடிக்க மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை அழுத்தம் பட்டால் ஒட்டும். அந்தக் கதவு 400-ஆல் தேய்த்து மறுபடி ஒரு கோட் வாங்கியது.

கடைசிக் கோட்டிலிருந்து ஏழாம் நாள் கதவுகளை மாட்டினார்கள். சத்தம் வராமலிருக்க உள்மூலைகளில் ஒட்டும் சிலிக்கான் பொட்டுகளையும் அன்றே வைத்தார்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த பெட்டி விளிம்பில் பொட்டுகள் அழுந்தி, இரண்டு இடத்தில் திறக்கும்போது பெயிண்டைப் பிய்த்து எடுத்தன.

பதினான்கு மாதம் கழித்து, 2025 மே மாதம் பார்த்தபோது கதவு முகப்புகளில் உரிதல் ஓரிடத்திலும் இல்லை. கைப்பிடியைச் சுற்றிய பகுதியும் அடுப்புப் பக்கத்துக் கதவுகளும் உறுதியாக இருந்தன. அடுப்புக்குக் கீழ் இழுப்பறையின் மேல்மூலையில் குக்கர் இடித்து ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதன் விளிம்பை நகத்தால் நெம்பினாலும் மேற்கொண்டு வரவில்லை. இடி பட்ட இடம் மட்டும் போவதற்கும், அங்கிருந்து தோல் தொடர்ந்து கழல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பிடிப்பு உறுதியாக இருந்தால் புட்டிப் பெயிண்டில் பொட்டு வைத்தாலே சரியாகிவிடும்.

பெட்டி விளிம்புகளின் கதை வேறு. தொட்டிக்கு அருகே ஈரக்கை படும் இரண்டு இடத்தில் பெயிண்ட் சிறு செதில்களாக எழும்பியிருந்தது. ஈரத்துணிச் சோதனையில் மூன்றாவது கட்டம் காட்டிய அதே குறை, அதே விதத்தில். கதவுகளில் இருந்த ஒரே வேறு மாற்றம், ஒரு கைப்பிடியின் கீழே நார்ப்பஞ்சால் அழுத்தித் தேய்த்துத் துடைத்த இடம் சற்றுப் பளபளப்பேறி இருந்தது. அதன்பின் மென்துணியும் நீர்த்த சோப்பும் மட்டுமே.

மீண்டும் செய்வதானால்

கதவுகளுக்குச் செய்ததில் மாற்ற வேண்டியது ப்ரைமர் அல்ல, காத்திருப்பு. மாட்டுவது பத்து நாளுக்குப் பிறகு, சிலிக்கான் பொட்டுகள் ஒரு மாதத்துக்குப் பிறகு. கதவுகளை அடுக்கக் கூடாது, இடமில்லையென்றால் சுவரோரம் தனித்தனியே சாய்த்து வைக்கலாம். எபாக்ஸிக்கும் எனாமலுக்கும் நடுவே இடைவெளி விழாதபடி, தொடங்கும் முன்பே வீட்டில் யாருக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்த்து ஒரு நாலு நாளை ஒதுக்குவது நல்லது. தொட்டிக்கருகிலுள்ள பெட்டி விளிம்புகளுக்குப் பெயிண்டை நம்புவதைவிட அதே நிறத்தில் புது பி.வி.சி. பட்டை ஒட்டுவது மேல்.

வேறு வீட்டில் இதே முறையைப் பின்பற்றுவோர் முதலில் தம் கதவு எது என்று பார்க்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மீது சூட்டில் ஒட்டிய பி.வி.சி. படலக் கதவானால், அடுப்புச் சூட்டில் படலமே பலகையை விட்டுக் கழலும். அதன்மேல் எந்த ப்ரைமரும் பயனில்லை, படலத்தை உரித்துவிட்டு எம்.டி.எஃப். மீதே அடிக்க வேண்டும். அப்போது வெட்டிய ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சி நார் எழும்பும் என்பதால் அங்கே தின்னர் சார்ந்த ப்ரைமர் இரண்டு கோட் வேண்டும், இருபக்கமும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். ஃபிரெஞ்ச் பாலிஷுக்கு வாங்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ப்ரைமராக அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மெழுகு நீக்கிய அரக்கானால் அது நல்ல யோசனை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அரக்கில் மெழுகு இருக்கும், அது மேல்கோட்டின் பிடிப்பைக் கெடுக்கும்.

பழைய வீடுகளில் எனாமல் அடித்த மரக் கதவுகளுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில், ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ சூடுகாட்டிச் சுரண்டவோ கூடாது. ஈர உப்புத்தாள், கீழே பிளாஸ்டிக் விரிப்பு, துடைத்த துணிகளை மூட்டைகட்டி அப்புறப்படுத்துதல், அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில்.